அத்தியாயம் 6: கடைசி அணைக்கட்டு ஊர் எப்படி மனுப் போடுவது

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று இறங்கி வந்தால் எட்டாவதாக நிற்பது ஸ்ரீவைகுண்டம். இதைத் தாண்டினால் ஏரல், ஆத்தூர், பிறகு புன்னைக்காயலில் கடல். மேலே உள்ள ஊர்கள் ஆற்றில் விட்டதெல்லாம் கடைசியாகத் தேங்கி நிற்கும் இடம் நம் அணைக்கட்டுதான். பாபநாசத்தில் பரிகாரம் என்று களைந்து போடும் துணியிலிருந்து திருநெல்வேலி மாநகரின் கழிவுநீர் வரை இதற்குள் அடக்கம்.

ஆகவே, இந்த ஊரில் குடிநீரைக் காக்க நினைப்பவர் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மாசு நம் எல்லைக்குள் தெரிகிறது. அதை நிறுத்தும் அதிகாரம் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நம் மனு ஆற்றுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்தாக வேண்டும். ஸ்ரீவைகுண்டம் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தால், அவர் அதை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்புவார், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். “அண்ணாச்சி, இது எங்க லிமிட்ல வராது” என்ற பதிலைக் கேட்காத மனுதாரர் இந்த மாவட்டத்தில் இல்லை. அந்தப் பதிலுக்கு இடம் வைக்காமல் எழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

யாருடைய தண்ணீர் இது

கூட்டாளிகளைத் தேடும் முன், இந்த ஆற்றை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கடலோரத் தூத்துக்குடிக்குச் சொந்தமாக நல்ல தண்ணீர் கிடையாது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுபோனார். முத்துக்குளித்துறை மக்கள் அவரை இன்றும் நினைவில் வைத்திருப்பது அதற்காகத்தான். இன்று மாநகராட்சிக்கான நான்காவது குழாய்த் திட்டம் கலியாவூரிலிருந்து வருகிறது. ஆற்றோரம் நெடுக உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்காக இயங்குகின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்தே ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன், அதாவது ஏறத்தாழ 9 கோடி லிட்டர், எடுக்கும் திட்டமும் போடப்பட்டது. அது பாசனத்தைப் பாதிக்கிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகள் போராடியதும், விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: மாசு விஷயத்தில் நம்முடைய மிகப் பெரிய கூட்டாளி தூத்துக்குடி மாநகராட்சி. ஆலைகள்கூட ஒருவகையில் கூட்டாளிகளே. தண்ணீரின் அளவு பற்றிய சண்டையில் எதிரெதிரே நிற்பவர்கள், தண்ணீரின் தரம் பற்றிய மனுவில் ஒரே பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்துவிடாதீர்கள். கலந்தால் கூட்டாளி ஓடிப்போவார்.

மேலூர் மாசு கீழூரின் குடிநீருக்கு வரும் சிக்கலை நியூயார்க் நகரம் வேறு வழியில் தீர்த்தது. அந்த நகரின் குடிநீரில் பெரும்பகுதி வடக்கே உள்ள கேட்ஸ்கில் மலைப் பகுதியிலிருந்து வருகிறது. பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதா, மேலே உள்ள ஊர்கள் ஆற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தபோது, 1997-ல் நகரம் மேலூர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. மேலூர்களின் கழிவுநீர் நிலையங்களைச் சீராக்கவும் விவசாயிகள் சாணக் குழிகளை ஒழுங்குபடுத்தவும் கீழே தண்ணீர் குடிக்கும் நகரம் பணம் கொடுத்தது. திருநெல்வேலியின் சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடுகிறதா என்று தூத்துக்குடி மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டுக் கேட்கலாமே என்று நான் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மணல் ஏன் குடிநீர்ப் பிரச்சினை

மணல் கொள்ளையைப் பலரும் விவசாயப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறு நேரடியாக ஆற்று நீரை எடுப்பதில்லை. மணலுக்குள் கசிந்து வடிந்த நீரையே எடுக்கிறது. அந்த மணல்தான் முதல் வடிகட்டி. அதை அள்ளிவிட்டால் நீர்மட்டம் இறங்கும். கலங்கலும் கிருமியும் வடிபடாமல் கிணற்றுக்குள் வரும். முகத்துவாரப் பக்கம் உப்பு ஏறும். 1925-ல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு மணல் கொள்ளையைத்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்காகக் கொண்டுபோய், தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று தயங்குபவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இது.

தடை வந்ததும் மணல் கடத்தல் நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காக அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே இந்தக் கதி. ஆகையால் மணல் பற்றிய மனுவை ஒருபோதும் தனி ஆளாகக் கொடுக்க வேண்டாம். சங்கத்தின் பெயரில், இருபது முப்பது கையெழுத்தோடு, ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். இரவில் லாரியைப் படமெடுக்கப் போகிறேன் என்று இளைஞர்கள் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

பாட்டிலும் எண்ணும்

“தண்ணீர் நாறுகிறது” என்பது புகார். “இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை” என்பது ஆதாரம். மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன.

கழிவு விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சற்று மேலே ஒன்று, விழும் இடத்தில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று மாதிரிகள் வேண்டும். ஒரே ஒரு பாட்டிலைக் கொண்டுபோனால், “மேலேயிருந்தே அப்படித்தான் வருது” என்று சொல்லிவிடுவார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் கேன் போதும். அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; அதை அலசவே கூடாது. நீரோட்டத்தை எதிர்த்து நின்று, பாட்டிலை ஒரு சாண் ஆழத்தில் அமிழ்த்தி, வாயை நீர் வரும் பக்கம் திருப்பி நிரப்புங்கள். மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் எண்ணிக்கை பொய் சொல்லும். ஒவ்வொரு பாட்டிலிலும் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர். பக்கத்தில் கைப்பேசியை வைத்து, இருப்பிடம் பதிவாகும்படி ஒரு படம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

முடிவு வந்ததும் எதோடு ஒப்பிடுவது? குழாயில் வரும் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி லிட்டரில் ஈ-கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. கரைந்த உப்புகள் 500 வரை நல்லது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி. ஆற்று நீரை இந்த அளவுகோலால் அளந்து “விஷம்” என்று துண்டறிக்கை அடிப்பவர்கள் உண்டு. அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். சுத்திகரித்துக் குடிக்கும் ஆற்று நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி அளவு வைத்திருக்கிறது: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது, உயிரி ஆக்சிஜன் தேவை 3-க்கு மேல் போகக் கூடாது, மொத்தக் கோலிஃபார்ம் 100 மில்லி லிட்டருக்கு 5000-க்குள் இருக்க வேண்டும். ஆற்றுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். அணைக்கட்டில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடப்பதும் ஒரு சான்றே. நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்திருக்காமல் அது அப்படி வளராது.

நீங்கள் எடுத்த மாதிரி, வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிக்கு ஈடாகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆலையின் கழிவுநீரை எப்படி அறிவிப்புக் கொடுத்து எடுக்க வேண்டும், எப்படி இரண்டாகப் பகிர்ந்து முத்திரை வைக்க வேண்டும் என்று கறாராகச் சொல்கிறது. உங்கள் பாட்டிலின் வேலை வாரியத்தின் பாட்டிலை ஆற்றுக்கு வரவைப்பது. மனுவில் கேட்க வேண்டியதும் அதையே.

மனு

வழக்கமாகக் கொடுக்கப்படும் மனு இப்படி இருக்கும்: “ஜீவநதியாம் தாமிரபரணி மாசடைந்து வருவதால் பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர். எனவே சமூகம் அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” இதற்கு “தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று பதில் வரும். கேள்விக்கேற்ற பதில், அதிகாரியைக் குறை சொல்ல முடியாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்ன தெருவின் கிழக்கு முனையில் உள்ள பாலத்துக்கு அடியில், நீரேற்று நிலையத்துக்கு 400 மீட்டர் மேலே, வாறுகால் நேரடியாக ஆற்றில் விழுகிறது. மூன்று இடங்களில் எடுத்த மாதிரிகளின் முடிவுகள் இணைப்பு 1. படங்கள் இணைப்பு 2. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி இது தடைசெய்யப்பட்டது. (அ) 15 நாட்களுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்து முடிவின் நகலை எங்களுக்குத் தர வேண்டும். (ஆ) வாறுகாலை அடைத்துத் திருப்பிவிட உள்ளாட்சிக்கு உத்தரவிட வேண்டும்.” ஒரு மனுவில் ஓர் இடம், இரண்டு கோரிக்கைக்கு மேல் வேண்டாம்.

பெறுநர் பெயர்தான் அடுத்த சிக்கல். கழிவு விழும் இடம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தால் முதல் பெறுநர் அந்த மாவட்டத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சுற்றுச்சூழல் பொறியாளரும், அந்த உள்ளாட்சியின் ஆணையரும். ஆறு நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பதால் அவர்களுக்கும் ஒன்று. குடிநீர்க் கிணறு பாதிக்கப்படுகிறது என்றால் குடிநீர் வடிகால் வாரியச் செயற்பொறியாளர். திருநெல்வேலி, தூத்துக்குடி ஆட்சியர்கள் இருவருக்கும் நகல். எல்லாவற்றிலும் எல்லாப் பெறுநர் பெயரும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டு இல்லாத மனுவைக் கொடுக்காத மனுவாகவே எண்ணிக்கொள்ளுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இதைவிட நல்ல இடம். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள்.

பக்கத்துக் கிராம ஊராட்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டம் பேரூராட்சி, இங்கே கிராம சபை கிடையாது, மன்ற உறுப்பினர் வழியாகத்தான் தீர்மானம் கொண்டுவர முடியும். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைய கூட்டப் பொருளில் குடிநீரைச் சேர்ப்பது எளிது. தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். பதிவேட்டில் ஏறியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பத்து ரூபாய்

தகவல் உரிமைச் சட்டத்தில் கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டிவிடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த முப்பது நாளில் முதல் மேல்முறையீடு. “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், கருத்துக் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன நீரேற்று நிலையத்தில் கடந்த 24 மாதங்களில் எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வு அறிக்கைகள், இன்ன ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய இசைவாணையும் அதன் நிபந்தனைகளும், இன்ன சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவும் நாள்தோறும் அங்கே வந்து சேரும் அளவும். கோப்பை நேரில் பார்வையிடவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது.

இசைவாணையின் நிபந்தனைகளைப் பலரும் படிப்பதே இல்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் இசைவைப் புதுப்பிக்க 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தபோது சொன்ன காரணங்களை எடுத்துப் பாருங்கள்: சுற்றுவட்டாரக் கிணறுகளின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கையைக் கொடுக்கவில்லை, உப்பாற்றோரம் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை என்பவை அவற்றில் இரண்டு. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபோதும் இந்த மீறல்களே எடைபோட்டன. அந்த ஆலையை எதிர்த்து, துப்பாக்கிச் சூட்டில் தெருவில் பதின்மூன்று உயிர்களைக் கொடுத்த போராட்டம், நீதிமன்றத்தில் நின்றது இந்தக் காகிதங்களின் மேல். போராட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காகிதம் இல்லாமல் போகாதீர்கள் என்கிறேன்.

தீர்ப்பாயமும் நீதிமன்றமும்

மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் அதிகாரிகள் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நீங்களே ஆஜராகலாம். ஆனால் காலக்கெடு கடுமையானது: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் என்றால் ஐந்தாண்டு. மனுவையே ஓராண்டு நினைவூட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என மத்திய வாரியம் பட்டியலிட்டது. அதில் தாமிரபரணியின் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான பகுதியும் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அதற்குள் வருகிறது. 2018-ல் தீர்ப்பாயம் இதைத் தானாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலமும் நதிப் புத்துயிர்ப்புக் குழு அமைத்துச் செயல்திட்டம் போட உத்தரவிட்டது. அந்தச் செயல்திட்டத்தை வரவழைத்து, அதில் சொன்னதையும் நடந்ததையும் எதிரெதிரே எழுதினாலே பாதி மனு தயார். தொழிற்சாலை தரப்பு “இன்னும் நிரூபிக்கவில்லையே” என்றால், வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னதைக் காட்டுங்கள்: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே.

உயர் நீதிமன்ற வழி நீளமானது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தாமிரபரணியில் கழிவு கலப்பதைத் தடுக்கவும் படித்துறைகளைச் சீரமைக்கவும் கோரி 2018-ல் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். 2024 நவம்பரில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் நேரிலேயே வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள். இடையில் ஆறு வருடம். இவ்வளவு நாள் ஒரு வழக்கை விடாமல் பிடித்திருப்பதற்கு ஒரு குழுவில் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் கட்ட முடியாத பெண்கள், பட்டியல் சாதியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

எல்லா வழக்கும் வெல்லாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீரை ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுப்பதை எதிர்த்த வழக்கில், 2016 நவம்பரில் கிடைத்த இடைக்காலத் தடை 2017 மார்ச்சில் வழக்கோடு போய்விட்டது. இடைக்காலத் தடை கிடைத்ததுமே பட்டாசு வெடிக்க வேண்டாம் என்பதற்கு அதைச் சொல்கிறேன். கிடைத்த உத்தரவும் தானாக நடக்காது. அணைக்கட்டைத் தூர்வாரத் தீர்ப்பாயம் 2015-ல் வழிவிட்டபோது, வண்டலை அள்ளாமல் மணலை அள்ளுகிறார்கள் என்று இதே ஊர் மறுபடி தெருவுக்கு வந்தது. உத்தரவு கிடைத்த நாளிலேயே கண்காணிப்புக் குழுவைப் போட்டு, யார் எந்த நாளில் போய்ப் பார்ப்பது என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் தீவாகி, குடிநீர்த் திட்டங்கள் சிதைந்து, சுற்றிலும் வெள்ளம் நிற்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தோம். அந்தச் சமயத்தில் வாறுகாலும் கிணறும் ஒன்றாகக் கலந்த இடங்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்த வாறுகால்கள் நம்முடையவை. நமக்குக் கீழே ஏரலும் ஆத்தூரும் இருக்கின்றன. திருநெல்வேலியை நாம் கேட்கும் கேள்வியை அவர்கள் நம்மைக் கேட்கலாம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். மேலூர் மேல் மனு எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையோரமும் வாய்க்காலோரமும் நடந்து, நம் ஊர்க் கழிவுநீர் எங்கெங்கே தண்ணீரில் விழுகிறது என்று படத்தோடு பட்டியல் எடுங்கள். அதை அடுத்த பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு உறுப்பினர் கையில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.